பொழுது சாய்வதற்குள் இருபத்திரண்டு படி

டிசம்பர் மாதத்தில் ஸ்டாக்ஹோமில் நான் இரவுச் சாப்பாட்டைப் பகல் இரண்டரை மணிக்கே முடித்துவிடுவேன். அலுவலகச் சமையலறையில் டப்பாவைத் திறந்து உட்காரும்போது, மற்றவர்கள் மதிய உணவெல்லாம் முடிந்து காப்பிக்கு, அவர்கள் பேச்சில் ஃபீகாவுக்கு, வந்துகொண்டிருப்பார்கள். நான் செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர் வீட்டுப் பெண். பொழுது சாய்ந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. அந்த ஊர்ச் சூரியன் மூன்று மணிக்கெல்லாம் மூட்டை கட்டினால் அதற்கு நான் என்ன செய்ய? கூட வேலை செய்யும் அன்னிகா ஒருநாள் என் சக்கர நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "காலுக்காக டாக்டர் சொன்ன பத்தியமா?" என்று கேட்டாள். காலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இருட்டினால் சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான் என்றேன். அவள் உடனே எழுந்துபோய் எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு வந்தாள்.

அங்கே போலியோ கால் ஒரு பெரிய விஷயமே இல்லை. பஸ் தாழ்ந்து பலகையை நீட்டும். கதவு தானாகத் திறக்கும். எங்கே போனாலும் எப்படி ஏறுவது என்று யோசித்ததில்லை. ஆனால் பதினாறு வருடமாக ஒரு பந்தியில் உட்கார்ந்ததில்லை. தோள் இடிக்க உட்கார்ந்து, பக்கத்து இலைக்காரர் "இவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டு போடுப்பா" என்று எனக்காக அதட்டி, நான் வேண்டாம் வேண்டாம் என்று இலையை மறைக்க வேண்டும். தை மாதம் தம்பி மகளின் நிச்சயதார்த்தத்துக்கு நான் புறப்பட்டு வந்தது அதற்காகத்தான். மற்றதெல்லாம் சாக்கு.

இரண்டு மாதம் முன்பே தம்பி ஸ்ரீபாலனிடம் போனில் கேட்டேன், மண்டபத்தில் சாப்பாடு கீழேயா, மாடியிலா என்று.

"அதெல்லாம் பாத்துக்கலாங்க்கா. நீ டென்ஷன் ஆவாத, வந்து சேரு."

பாத்துக்கலாம் என்றால் எங்கள் ஊரில் ஏற்பாடு முடிந்தது என்று அர்த்தம். சாப்பாடு மாடியில்தான் இருந்தது. இருபத்திரண்டு படி, லிஃப்ட் கிடையாது. சடங்கு முடிந்து எல்லோரும் மேலே போனபோது மணி ஐந்தரை. அப்போதுதான் தம்பியின் ஏற்பாடு என் முன்னால் வந்து நின்றது. அவன் கடையில் வேலை செய்யும் நாலு பேர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

"சேரோட தூக்கிடுவாங்க. ரெண்டே நிமிஷம்."

"வேணாம். நான் என்ன சாமியாடா, ஊர்வலம் போவ?"

"அப்போ கீழயே இலை போட சொல்றேன். உனக்குன்னு தனியா, ஃபேனுக்கு அடியில."

இந்தத் 'தனியா' எனக்குப் பழைய சிநேகிதம். ஆறாவது படிக்கும்போது பள்ளியில் எல்லோரையும் ராஜகிரிக் கோட்டைக்கு அழைத்துப் போனார்கள். மற்றவர்கள் மலையேற, என்னை அடிவாரத்தில் ஒரு புளியமரத்தடியில் சாப்பாட்டு மூட்டைகளுக்குக் காவல் வைத்தார்கள். டீச்சர் நல்லவர். பசித்தால் நீ முதலில் சாப்பிட்டுவிடு கண்ணு என்று சொல்லிவிட்டுத்தான் போனார். குரங்குகளை விரட்டிக்கொண்டே தயிர்சாதம் தின்றேன். அவர்கள் இறங்கி வந்து வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டபோது என் டப்பா காலியாக இருந்தது. யாரும் என்னிடம் கடுமையாக ஒரு வார்த்தை பேசவில்லை. அன்பாகவே ஒருத்தியை ஒதுக்கி வைக்க முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

தூக்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதிமூன்று வயது வரை நைனா தூக்கினார். அதற்குப் பிறகு யார் யாரோ தூக்கினார்கள். தங்கள் கை எங்கே படுகிறது என்று தூக்குகிறவர்கள் யோசிப்பதில்லை. தூக்கப்படுகிறவளுக்கு அது நன்றாகத் தெரியும். சேலை விலகும். கையில் டம்ளரோடு நிற்பவர்கள் ஐயோ பாவம் என்று வழிவிடுவார்கள். எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது. அந்தப் பாவத்தை இனி வாங்கிக்கொள்வதாக இல்லை.

நாற்காலியைப் படியோரம் நிறுத்தி பிரேக் போட்டேன். இரண்டாம் படியில் கையூன்றி, உடம்பை இழுத்து, மண்டபத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். பிறகு பின்பக்கமாகவே, கையை அழுத்தி ஒவ்வொரு படியாக ஏறினேன். காஞ்சிபுரம் பட்டு படியைப் பெருக்கியது. மேலிருந்து அத்தை, நைனாவின் தங்கை, எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

"இன்னாடி இது! சம்பந்தி வூட்டுக்காரங்க பாக்குறாங்கடி!"

"பாக்கட்டும் அத்தே. நல்லா பாக்கட்டும்."

சாப்பிட்டு இறங்கியவர்கள் வெற்றிலையும் கையுமாக நின்றுவிட்டார்கள். ஓரமாகப் போகலாமே என்றார் ஒரு பெரியவர். நான் நடுவிலேயே போனேன். தம்பி எனக்கு ஒரு படி கீழே, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, தொடப் பயந்து, குனிந்தபடியே ஏறி வந்தான். பதினைந்தாவது படியில் மூச்சு வாங்கிக்கொள்ள நிறுத்தினேன். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்திலேயே மீதிப் படிகளையும் ஏறிவிட்டேன்.

மேலே போனபோது ஜன்னலில் வெளிச்சம் இல்லை. எங்கள் ஆட்கள் எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். தம்பியின் கடைத்தெருக்காரர்கள், சமணர் அல்லாத வெளியார், கடைசிப் பந்தியில் இருந்தார்கள். பூக்கடைக்கார அம்மாள் ஒருத்தி, "வா தாயி, இப்படி உக்காரு" என்று நகர்ந்து இடம் விட்டாள். தரையில் நகர்ந்துபோய், பந்தி நாற்காலியைப் பிடித்து ஏறி உட்கார்ந்தேன். அவள் தோள் என் தோளில் இடித்தது.

அத்தை வந்து நின்றாள். "பொழுது போயிடுச்சிடி. இனிமே எப்படி சாப்புடுவ?"

ஸ்டாக்ஹோம் நேரத்தை மாற்றாத என் போனில் மணி ஒன்றரையைத் தாண்டியிருந்தது.

"என் ஊர்ல இன்னும் பொழுது இருக்குது அத்தே."

இந்தக் கணக்கு செல்லாது என்று எனக்கும் தெரியும். உடம்பு இருக்கிற ஊர்ச் சூரியன்தான் கணக்கு. பதினாறு வருடம் அந்தச் சூரியனுக்குக் கட்டுப்பட்டுத் தனியாகச் சாப்பிட்டவள், ஒரு வேளைக்கு அதை இங்கே கூப்பிட்டுக்கொண்டேன். பரிமாறுகிறவர் அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்து, "போடுங்க" என்றேன். பொங்கல் வந்தது. புடலங்காய்க் கூட்டும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைத் துவையலும் வந்தன.

தம்பி என் மறுபக்கம் வந்து உட்கார்ந்தான். காலையிலிருந்து வேலை, அவனும் சாப்பிட்டிருக்கவில்லை.

"உனக்கும் ஒரு இலை போடச் சொல்லட்டா?"

"எனக்குப் பொழுது போயிடுச்சிக்கா."

வெறும் மேசையில் கையை வைத்துக்கொண்டு, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டு போடுப்பா" என்று அதட்டினான். நான் இலையை மறைக்கவில்லை.