‘ஏதோ ஓடுதுங்க’ என்று சொல்ல விடாதவள்

செய்தி வந்தபோது வேணியிடம் படித்த நம்மில் ஒருவர்கூட அதை நம்பவில்லை. அப்படி நம்பாமல் போனதற்கு வேணியே காரணம்.

காந்திபுரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேலே இருந்த சின்ன ஹாலில், சிறுதொழில் செய்கிறவர்களுக்குப் போனில் வியாபாரம் பழக்க வேணி ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்தினாள். அதில் படித்தவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழுவும் வைத்திருந்தாள். யாரும் எதிர்பாராத நேரத்தில் அந்தக் குழுவில் ஒரு குண்டைத் தூக்கிப் போடுவது அவள் வழக்கம். “நீங்க வித்த கிரைண்டர் மோட்டார் புகைஞ்சு ஒருத்தர் சமையல்கட்டே கருகிப்போச்சு. வீடியோ ஊரெல்லாம் சுத்துது. இப்ப என்ன எழுதுவீங்க?” என்று கேட்பாள். கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு நாம் பதில் எழுத வேண்டும். ஒத்திகை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். நெஞ்சு படபடக்கப் பதில் எழுதி முடித்த பிறகு, “பரவால்லீங்க, பொழச்சுக்குவீங்க” என்று ஒரு வரி வரும்.

அன்று காலை அவள் எண்ணிலிருந்து, “வேணி இன்று விடியற்காலை காலமானார்” என்று வந்தது. பொள்ளாச்சியில் செக்கு வைத்திருக்கும் நண்பர், “ஒத்திகைக்கும் ஒரு அளவு வேண்டாமா அம்மணி?” என்று எழுதினார். “இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம், எழுந்து காப்பி குடி” என்று நான் எழுதினேன். இன்னும் சிலர் அவளைக் கடிந்துகொண்டார்கள். பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. கல்லூரியில் படிக்கும் அவள் மகள் பேசியிருந்தாள். “நான் அம்மாவோட பொண்ணு பேசறேனுங்க. இது ஒத்திகை இல்லீங்க.”

கைகூப்பும் பொம்மைகளையும் பூங்கொத்துப் படங்களையும் அவள் குழுவில் தடை செய்திருந்தாள். சொல்ல வேண்டியதை அவரவர் சொந்த வார்த்தையில்தான் எழுத வேண்டும். அன்று அந்த வார்த்தை யாருக்கும் வரவில்லை. எனக்கு இப்போதுதான் வருகிறது.

வேணி எனக்கு ஆசிரியை என்று சொன்னால் அவளே சிரிப்பாள். என்னைவிட வயதில் சிறியவள், என்னைச் சரசக்கா என்று கூப்பிட்டவள். போத்தனூர்க்காரி. ஒரு நூற்பாலை அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, அது மூடிய பிறகு வீட்டில் அரைத்த பருப்புப்பொடியைப் போனில் விற்கத் தொடங்கியவள். பொடி விற்றதைவிட, எப்படி விற்கிறாய் என்று கேட்டு வந்தவர்கள் அதிகம். அப்படித்தான் அந்த வகுப்பு உண்டானது.

நானும் என் வீட்டுக்காரர் சின்னசாமியும் அங்கே போன முதல் நாளை மறக்க முடியாது. சின்னவேடம்பட்டியில் எங்களுக்கு வெட் கிரைண்டர் பட்டறை. போனில் எப்படிப் படம் எடுப்பது என்று சொல்லித்தருவாள் என நினைத்துப் போனோம். வேணியோ ஒவ்வொருவரையும் எழுப்பி, என்ன தொழில், எப்படிப் போகிறது என்று மட்டும் கேட்டாள். லேத் பட்டறைக்காரர் எழுந்து, “சின்னதா ஒரு பட்டறைங்க, ஏதோ ஓடுதுங்க” என்றார். அவர் பட்டறையில் ஒரு தெருவே வேலை பார்க்கிறது. பம்பு செட்காரர், பனியன் துணிக்காரர், எங்கள் வீட்டுக்காரர் எல்லோரும் அதையே சொன்னார்கள். வேணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏனுங்க, சரக்கு வாங்க வந்தவன் இதைக் கேட்டா செருப்பைக்கூட மாட்டாம ஓடிப்போவானுங்க. பெருசா நெனைக்கறதுக்கு யாராச்சும் வாடகை கேக்கறாங்களா உங்ககிட்ட?”

எல்லோரும் சிரித்தோம். ஆனால் யாரும் மாறவில்லை. நம் ஊரில் தொழில் நன்றாகப் போகிறது என்று ஒரு மனிதர் வாயால் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? புதுக் கார் வாங்கிய அன்றும் ஏதோ ஓடுதுங்கதான். சொன்னால் பெருமையடிப்பதாகிவிடும், கண்ணும் பட்டுவிடும். இதில் என் வீட்டுக்காரர் மற்றவர்களைவிட ஒரு படி மேலே. கல்யாணத்துக்கு முன்பு பெண் பார்க்க வந்தபோதே, “ஏதோ இருக்கறதை வெச்சுப் பொழைக்கறோமுங்க” என்று சொன்னவர். எங்கள் அப்பா அதை அப்படியே நம்பி, கொஞ்சம் யோசித்துத்தான் என்னைக் கொடுத்தார்.

அந்தப் பழக்கம் எங்கள் பட்டறையையே மூட வைக்கப் பார்த்தது.

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் பட்டறையிலிருந்து போனில் நேரடியாக ஒளிபரப்பும் எங்கள் முதல் லைவ். நான் போனைப் பிடித்தேன், அவர் பேசினார். வேணி ஓரமாக நின்று கமெண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லை எப்படிக் கொத்துகிறோம், மாவு ஏன் சூடாகாமல் வருகிறது என்றெல்லாம் அவர் அழகாகத்தான் சொன்னார். கடைசியில் யாரோ, “தொழில் எப்படிங்க போகுது?” என்று கேட்டார்கள். இவர் வாயில் பழக்கமாக வந்துவிட்டது.

“ஏதோ ஓடுதுங்க. ஓடற வரைக்கும் பாத்துக்கலாமுங்க.”

எவனோ ஒருவன் அந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் வெட்டி எடுத்து, சோகமான வயலின் இசையைச் சேர்த்து, ‘கோவை கிரைண்டர் தொழிலின் கண்ணீர்க் கதை’ என்று தலைப்புப் போட்டுச் சுற்றுக்கு விட்டான். நாங்கள் எத்தனையோ நாள் மெனக்கெட்டு எடுத்த வீடியோக்களைப் பார்க்க ஆளில்லை. இதை உலகமே பார்த்தது. முன்பின் தெரியாதவர்கள் எங்களுக்காக அழுதார்கள். அழுதவர்கள் யாரும் கிரைண்டர் வாங்கவில்லை. ஏற்கெனவே வாங்கியவர்கள் கூப்பிட்டு, “கடையை மூடறீங்களாமே, நாளைக்கு மோட்டார் போனா யார் பாப்பாங்க?” என்று கேட்டார்கள். ஈரோட்டு டீலர் ஆர்டரைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொன்னார். மலேசியாவில், பினாங்கில் கடை வைத்திருக்கும் ஒரு தமிழர் எங்களிடம் மாதாமாதம் சரக்கு எடுப்பதாகப் பேசி முடிக்கும் கட்டத்தில் இருந்தார். அவரிடமிருந்து, “நிலைமை தெளிவான பிறகு பேசலாம்” என்று செய்தி வந்தது.

அந்த ஆர்டரை நம்பித்தான் தீபாவளி வரைக்கும் ஆட்களை வைத்திருந்தோம். கல் பொருத்தும் சண்முகம் எங்களிடம் வெகுகாலமாக இருப்பவன். சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து, தலையைக் குனிந்தபடி, “அக்கா, நான் வேற எடம் ஏதாச்சும் பாத்துக்கட்டுங்களா?” என்று கேட்டான். வீட்டுக்காரர்மேல் வந்த கோபத்தில் நான் அன்று அவரோடு பேசவே இல்லை. பேசியிருந்தால் இன்னும் வம்பாகியிருக்கும்.

வேணி மறுநாள் காலை வந்தாள். வந்ததும், “தப்பு என்னோடதுங்க்கா. அந்தக் கேள்வி வரும்னு எனக்குத் தெரியும். அதுக்கு அண்ணனை நான் பழக்கலை” என்றாள். அந்த வீடியோவைப் புகார் செய்து நீக்கச் சொல்லலாம் என்றேன். கமெண்டுகளையாவது மூடிவிடலாம் என்றேன். இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

“கடைக்கு வந்து ஒருத்தன் சத்தம் போட்டா கதவைச் சாத்துவீங்களா? ஒரு டம்ளர் தண்ணி குடுத்து உக்கார வெப்பீங்கல்லங்க்கா? இங்கயும் அதேதான். எந்த மூஞ்சி சொல்லுச்சோ அதே மூஞ்சி திருப்பிச் சொல்லோணும். அதே எடத்துல நின்னு.”

வீட்டுக்காரர் முடியாது என்றார். “நல்லாப் போகுதுன்னு என் வாயால சொல்லி, அதுவும் ஊரு ஒலகமே பாக்கறப்ப... கண்ணு பட்டுப்போச்சுன்னா? இப்பப் பட்டது பத்தாதுங்களா அம்மணி?” அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்பா காலத்திலிருந்து அந்தப் பயத்தில் வளர்ந்தவர்.

நானாக இருந்தால் அந்த இடத்தில் சத்தம் போட்டிருப்பேன். வேணியோ வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது மடியில் ஒரு பெரிய பூசணிக்காய் இருந்தது. அதில் கண்ணும் மீசையும் கோரைப்பல்லும் வரைந்து, போன் வைக்கும் ஸ்டாண்டுக்கு நேர் மேலே, உத்தரத்தில் சண்முகத்தை விட்டுக் கட்டச் சொன்னாள்.

“இனி யாரு கண்ணா இருந்தாலும் இதைத் தாண்டித்தான் உங்ககிட்ட வரோணும். நீங்க இதைப் பாத்துப் பேசுங்கண்ணா. என்னையும் அக்காவையும் பாக்காதீங்க.”

இரண்டாவது லைவ் தொடங்கியது. கதை கேட்டு வந்த கூட்டம் வேடிக்கை பார்க்கக் குவிந்திருந்தது. மெஷின்களை நிறுத்திவிட்டு வேலையாட்கள் எல்லோரும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். என்னால் போனை ஆடாமல் பிடிக்க முடியாது என்று தெரிந்து ஸ்டாண்டில் மாட்டியிருந்தோம். இருந்தும் என் கை அதை விடவில்லை. கமெண்டில் ‘பாவம்’ என்றும் ‘நாடகம்’ என்றும் மாறி மாறி வந்தது. வீட்டுக்காரர் வணக்கம் சொன்னார், அடுத்த வார்த்தை வரவில்லை. அப்போதுதான் அந்தப் பினாங்குக்காரர் பெயர் திரையில் வந்தது. எல்லோரும் பார்க்கும்படி கேட்டுவிட்டார்: “உங்களால் மாதம் எத்தனை கொடுக்க முடியும்? நேராகச் சொல்லுங்கள்.”

நான் அந்தக் கேள்வியை வாய்விட்டுப் படித்தேன். சண்முகம் இவரையே பார்த்துக்கொண்டிருந்தான். ‘முடிஞ்சதைப் பண்றோமுங்க’ என்று இவர் சொல்லிவிடுவார், அத்தோடு முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“இப்ப மாசம் முன்னூறு போடறோமுங்க. தொழில் நல்லாப் போகுதுங்க.”

கண்ணைத் திறந்தேன். அவர் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பின்னாடி எடம் கெடக்குதுங்க. இன்னொரு ஷெட்டு போட்டா அறுநூறு வரும். போடப்போறேனுங்க. எங்க கிரைண்டர் இல்லாத நாடே இருக்கக்கூடாதுன்னு ரொம்ப நாளா ஒரு நெனைப்பு. யாருகிட்டயும் சொன்னதில்லீங்க.”

என்னிடமும் சொன்னதில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், இப்படி ஒரு ஆசை இவருக்குள் இருந்தது என்று உலகத்தோடு சேர்ந்துதான் நானும் தெரிந்துகொண்டேன். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. வேணி என் முதுகில் கை வைத்து, “ஸ்டாண்டை விடுங்க்கா, ஆடுது” என்றாள்.

பினாங்குக்காரர் அங்கேயே சரி என்று எழுதவில்லை. ஆயுத பூஜை முடிந்து கூப்பிட்டார். அதுவரை எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் ஆர்டர் வந்தது, பிறகு ஈரோடும் வந்தது. புது ஷெட் இப்போது நிற்கிறது. சண்முகம் எங்கும் போகவில்லை. அந்த வயலின் வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் கீழே எங்கள் இரண்டாவது லைவை யாரோ புண்ணியவான்கள் ஒட்டிவிட்டுப் போகிறார்கள்.

அதற்குப் பிறகு நம் வகுப்பில் ‘ஏதோ ஓடுதுங்க’ என்று சொல்பவர் எல்லோருக்கும் டீ வாங்கித்தர வேண்டும் என்று வேணி சட்டம் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அதிகம் டீ வாங்கிக் கொடுத்தவர் எங்கள் வீட்டுக்காரர்தான். பாவம், பழக்கம் லேசில் போகுமா?

இனிச் சொல்லப்போவதைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

சித்திரை வாக்கில் வகுப்பு முடிந்து படியிறங்கும்போது வேணி பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. “என்ன அம்மணி, உடம்புக்கு எப்படி இருக்குது?” என்று கேட்டேன்.

“ஏதோ ஓடுதுங்க்கா” என்றாள்.

நான் சிரித்தேன். எங்கள் வீட்டுக்காரரைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். “டீ வாங்கிக் குடு” என்றேன். அவளும் சிரித்துக்கொண்டே கீழே வந்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். தான் குடிக்கவில்லை. நோய் முற்றிப்போனது அப்போதே அவளுக்குத் தெரியும் என்று இப்போது அவள் மகள் சொல்கிறாள். நமக்கெல்லாம் வாயைத் திறந்து நேராகச் சொல்லப் பழக்கியவள், தன் விஷயத்தில் மட்டும் நம் ஊர்க்காரியாகவே இருந்துவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. தீர வேண்டும் என்றும் நான் விரும்பவில்லை.

போத்தனூர் வீட்டுக்கு நாங்கள் போனபோது உடலை எடுத்துவிட்டிருந்தார்கள். பெண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். துக்க வீட்டில் கேட்கிற கேள்வியைத்தான் நானும் கேட்டேன்.

“எப்படி இருக்கே கண்ணு?”

“ஏதோ இருக்கேனுங்க்கா” என்றாள், டம்ளரை நீட்டியபடி.

அம்மாவின் அதே ‘ஏதோ’, அதே குரல். வேறொரு நாளாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்திருப்பேன். எல்லோரும் அப்படித்தான் நகர்ந்துகொண்டிருந்தார்கள். நான் டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

“அது கெடக்கட்டும். நெசமா எப்படி இருக்கே, சொல்லு.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து, என் மடியில் விழுந்து அழுதாள்.

பெரிதாக நினைக்கவும், நினைத்ததை உலகத்துக்கு முன்னால் சொல்லவும் வேணி நமக்குக் கற்றுத்தந்தாள். அது அவளிடம் படித்த எல்லோருக்கும் பொது. எனக்கென்று நான் வைத்துக்கொள்வது வேறு ஒன்று. யார் ‘ஏதோ ஓடுதுங்க’ என்றாலும் நான் இனி அங்கிருந்து நகரமாட்டேன். இன்னொரு முறை கேட்பேன். அன்று அந்தப் படியில் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.