மைமூன் டீச்சரின் வெந்நீர் அண்டா

மைமூன் டீச்சரை அறிந்தவர்களுக்கு வணக்கம். வரிசை இல்லாமல் பேசினால் எனக்குப் பாதியில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுத்திலும் அப்படித்தான். ஆகவே, செய்தி கேட்ட காலையில், அடக்கத்துக்குக் கிளம்பும் முன் நான் போட்ட வரிசையை அப்படியே முதலில் தருகிறேன்.

1. செய்தி எனக்கு வந்த விதம்.
2. டீச்சர் வேகவைத்த பொம்மைகள்.
3. பெயர் வெட்டிய டம்ளர்களால் வந்த தகராறு.
4. அதனால் என் மேல் அவருக்குக் கடைசிவரை இருந்த கோபம்.

அன்று பால் வாங்கப் போகும் வழியில் போடிமெட்டு ஜீப்புகள் நிற்கும் இடத்தைக் கடந்தேன். வழக்கமாக ஏலத்தோட்டத்துப் பெண்கள் அந்நேரம் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். அன்று பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழேயே நின்றார்கள்.

"வெரசா ஏறுங்கத்தா, நேரமாச்சு" என்று டிரைவர் சத்தம் போட்டார்.

"புள்ளைய எங்கிட்டு விட்டுட்டு ஏற? ஒன் மடியிலயா?" என்றார் ஒரு பெண். என்னைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "காப்பகம் பூட்டிக் கெடக்கு சார். டீச்சரம்மா விடியக்காலம் தவறிட்டாங்களாம்."

பால் வாங்காமலே வீடு திரும்பினேன்.

மலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளை டீச்சர் பார்த்துக்கொண்ட அந்தக் காப்பகத்தை நடத்தும் குழுவில் நானும் ஒருவன். வேதியியல் ஆசிரியராக இருந்தவன் என்பதால், பிள்ளைகள் புழங்கும் சாமான்களைச் சுத்தமாக வைப்பதற்கு யோசனை சொல்லும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருந்தார்கள். டீச்சருக்கு என் யோசனை பெரிதாகத் தேவைப்படவில்லை. அவரிடம் ஓர் அண்டா இருந்தது. "வாயில வைக்கிற சாமான் எதுவும் வெந்துட்டுத்தான் வரணும்" என்பார். கரண்டி, கிண்ணம், கிலுகிலுப்பை எல்லாம் தினமும் அதில் கொதிக்கும். ஒருநாள் பிளாஸ்டிக் மிருகங்களையும் போட்டுவிட்டார். ஒட்டகச்சிவிங்கி கழுத்து மடங்கி வெளியே வந்தது. யானையின் துதிக்கை வயிற்றோடு ஒட்டிக்கொண்டது.

ஆயா செல்வி அதைத் தூக்கிக் காட்டி, "டீச்சர், இத என்னன்னு புள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்க?" என்றார்.

டீச்சர் அதை வாங்கி உற்றுப் பார்த்தார். "ஒடம்புக்கு முடியாத யானைன்னு சொல்லு." பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், சிரிச்சது போதும். வழி சொல்லுங்க."

பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவிட்டு, அந்தத் தண்ணீரில் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைக்கலாம் என்றேன். பிளாஸ்டிக்குக்கு அதன்பின் அதுவே வழக்கமாயிற்று.

சில மாதம் கழித்துப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு பரவியது. ஒருவர் டம்ளரில் மற்றவர் குடிக்காதிருந்தால் நல்லது என்று நினைத்தேன். பாத்திரக் கடையில் பிள்ளைக்கு ஒன்றாக எவர்சில்வர் டம்ளர் வாங்கி, ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டச் சொன்னேன். சீர்வரிசைக்கு வெட்டுவதுபோல அழகாக வெட்டிக் கொடுத்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சாயங்காலம் மகளைக் கூட்டிப்போக பாண்டியம்மாள் வந்தார். மலையில் ஏலக்காய் எடுப்பவர். மகள் பெயர் போட்ட டம்ளரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"எம்புள்ளைக்குத் தனி டம்ளரா சார்?"

"எல்லாருக்குமே தனித்தனிதாம்மா. கிருமி..."

"எங்கப்பனுக்கு டீக்கடையில தனி டம்ளரு வச்சிருந்தாங்க. குடிச்சுட்டு அவரே கழுவிக் கவுத்தணும். அவங்களும் சுத்தத்துக்குன்னுதான் சொன்னாங்க."

அவர் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "நாளையிலருந்து இவள நான் மலைக்கே தூக்கிட்டுப் போறேன்."

டீச்சர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். எல்லா டம்ளர்களையும் அண்டாவில் கொட்டி அடுப்பைப் பற்றவைத்தார். கொதித்து ஆறியதும் கைக்கு வந்த ஒன்றை எடுத்து அந்தப் பிள்ளைக்குப் பால் ஊற்றிக் கொடுத்தார். அதில் யாஸ்மின் என்று இருந்தது.

"பாத்துக்க ஆத்தா. வெந்துட்டா எந்த டம்ளரும் எந்தப் புள்ளைக்கும். இவளத் தூக்கிட்டுப் போயி அட்டைக்கடிக்கு விட்றாத."

"அப்ப அந்தப் பேரெல்லாம் எதுக்கு டீச்சர்?"

"கடைக்காரரு எழுதிப் பழகியிருக்காரு."

பாண்டியம்மாள் சிரித்துவிட்டார். நான் என் செருப்பைத் தேடினேன்.

பிள்ளைக்கு ஒரு டம்ளர் என்பது சுகாதாரப்படி சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் பெயர் வெட்டக் கொடுக்கும் முன் ஒரு தாயிடமாவது கேட்டிருக்கலாம். அதன்பின் நான் காப்பகத்துப் பக்கம் போகவில்லை. டீச்சர் இரண்டு தடவை செல்வியிடம் சொல்லி அனுப்பினார்: "சாரை ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லு." திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். முதல் தடவை முழங்கால் வலி என்றேன். அடுத்த தடவை மதுரைக்குப் போகிறேன் என்றேன். முழங்கால் வலி உண்மை. மதுரை பொய்.

அடக்கத்தன்று ஆண்களோடு தெருவில் நின்றேன். உள்ளே அழுதுவிட்டு வந்த செல்வி நேராக என்னிடம் வந்தார்.

"இப்பத்தான் முழங்கால் சரியாச்சா சார்?"

"டீச்சருக்கு என் மேல கோபம் தீரவே இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

அவர் விழித்தார். "கோவமா? ஏலக்கா யாவாரி ஒருத்தரு ஒரு பொட்டி பொம்மை குடுத்தாரு. மரமும் ரப்பருமா இருந்துச்சு. வேகவைக்கவா, ஒங்க தண்ணியில போடவான்னு டீச்சருக்குத் தெரியல. 'யானைய முடக்குன மாதிரி இதையும் கெடுத்துறக் கூடாது, சார் வந்து சொல்லட்டும்'னு பரண்ல ஏத்திட்டாங்க. புள்ளைக தெனமும் அண்ணாந்து பாத்துட்டே கெடக்குதுக."

"என்கிட்ட நீ சொல்லலையே."

"எதுக்குன்னு நீங்க கேக்கலையே சார்."

காப்பகம் மறுபடி திறந்த அன்று போய்ப் பெட்டியை இறக்கினேன். மரப் பொம்மைகளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, ஈரம் போகக் காயவைத்தேன். ரப்பரைச் சோப்புப் போட்டுக் கழுவி அலசினேன். காய்வதற்குள் ஒரு பிள்ளை கரடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. எதை எப்படிச் சுத்தம் செய்வது என்று டீச்சரிடம் சொல்ல கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

"ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லு." அவர் எனக்குக் கடைசியாகச் சொன்னது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த ஒரு வரி. அதைச் செல்வி என்னிடம் சொன்ன இரண்டு தடவையும் எனக்கு அது டீச்சரின் கோபமாகவே கேட்டது. வரிசையில் நான்காவதாக எழுதியது தவறு.