அவளுக்கு விரித்த பாய்

கண் விழித்தபோது நேரம் தெரியவில்லை. ஜன்னலை மூடியிருந்த கறுப்புத் துணியின் ஓரத்தில் ஒரு கோடு வெளிச்சம் நின்றிருந்தது. அது காலை வெளிச்சமா மாலை வெளிச்சமா என்று சொல்ல முடியாது. பின்லாந்தில் அந்த ஜூன் மாதம் முழுக்க இருட்டுவதே இல்லை. நான் ஒரு மரக்கட்டிலில் படுத்திருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில், ஒரு கோரைப்பாய் விரித்திருந்தது. தலைமாட்டில் தலையணைக்குப் பதிலாக நான்காக மடித்த பருத்திச் சேலை. பாய் எனக்காக விரித்ததல்ல. கறுப்புத் துணியும் எனக்காகத் தைத்ததல்ல. ஜவ்வாது மலையில் ஒரு பெண் கட்டிலில் படுக்க மாட்டாள், துளி வெளிச்சம் இருந்தாலும் தூங்க மாட்டாள் என்பதை நினைவில் வைத்திருந்து அந்த வீட்டுக்காரி செய்த ஏற்பாடு அது. அந்தப் பெண் வரவில்லை. அவள் இடத்தில் நான் வந்திருந்தேன். பதினெட்டு நாள் அந்தப் பாயைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஒரு நாளும் மிதிக்கவில்லை. மிதிக்காமல் இருந்தால் செய்தது குறைந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

ஒன்பது வருடம் ஆகிறது. எனக்கு இப்போது எழுபத்துநான்கு வயது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயரும்போதெல்லாம் அந்த அறைக்குத்தான் போகிறேன். அங்கே ஏரியின் வெள்ளை வெளிச்சமும் எங்கள் மலையின் காலைப் பனியும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பாயில் யாரோ உட்கார்ந்து புளி தட்டும் சத்தம் கேட்கிறது. திரும்பிப் பார்ப்பதற்குள் விழிப்பு வந்துவிடுகிறது. இதை எழுதுவது அந்தச் சத்தத்துக்காகத்தான்.

வாணியம்பாடியில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு ஒரு சிறிய நட்புறவுச் சங்கத்துக்கு உதவிக்கொண்டிருந்தேன். அயல்நாட்டிலிருந்து சிலர் வருவார்கள். நம் வீடுகளில் ஒரு வாரம் தங்கி, நாம் உண்பதை உண்டு, போவார்கள். அடுத்த வருடம், யார் வீட்டில் தங்கினார்களோ அவர்கள் அங்கே போய், அதே விருந்தாளியின் வீட்டில் தங்க வேண்டும். வீட்டுக்கு வீடு என்பதுதான் ஒரே விதி. அந்த வருடம் பின்லாந்திலிருந்து ஆறு பேர் வந்தார்கள். ஐந்து பேர் வாணியம்பாடியிலும் ஒடுகத்தூரிலும் தங்கினார்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் மட்டும் மலை வேண்டும் என்றார். அவரை டீச்சர் என்றே கூப்பிட்டோம். நட்சத்திரம் பார்க்கும் வானாய்வுக்கூடம் இருக்கிற காவலூர் தாண்டி, ஜமுனாமரத்தூருக்குப் போகும் வழியில் ஒரு சிற்றூரில் எனக்குத் தெரிந்த குடும்பம் இருந்தது. சாமையும் நாலைந்து புளியமரமும் அவர்கள் சொத்து. அந்த வீட்டுப் பெண் என்னை அண்ணா என்பாள். நான் தங்கச்சி என்பேன். ரத்த உறவு ஒன்றும் கிடையாது. அவள் மகனுக்குக் கல்லூரியில் இடம் வாங்க ஒருமுறை துணைக்குப் போனேன், அவ்வளவுதான். அதற்கே அண்ணன் ஆக்கிவிட்டாள்.

டீச்சர் அங்கே எட்டு நாள் இருந்தார். மொழிபெயர்க்க நானும் கூடவே இருந்தேன். அந்த எட்டு நாளும் பனிமூட்டத்துக்குள் நடந்ததுபோல் நினைவில் இருக்கின்றன. இரண்டு பெண்களும் நான் இல்லாத நேரத்திலும் பேசிக்கொண்டார்கள், அவரவர் மொழியில், எந்தத் தடையும் இல்லாமல். சாமைச் சோற்றை எப்படிப் பிசைவது என்று தங்கை டீச்சரின் கையைப் பிடித்துக் காட்டினாள். அவர்கள் ஊரில் கோடையில் இருட்டே வராது என்று டீச்சர் சொன்னதை நான் மொழிபெயர்த்ததும் தங்கை சிரித்தாள்.

"ராவே கெடையாதா? அதான் காவலூர் மலையில நட்சத்திரம் பாக்க வந்துக்கிறாங்க போல. அப்ப நான் அங்க வந்தா எப்டிண்ணா தூங்குவேன்? கேளு."

கேட்டேன். டீச்சர் சிரிக்கவில்லை. ஒரு குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

கிளம்பும் நாளில் ஒரு வழக்கத்தைப் பார்த்தார். தூரப் பயணம் போகிறவர் சாப்பிட்டு எழுந்த அறையை அவர்கள் பெருக்குவதில்லை. போனவர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார் என்று சேதி வந்த பிறகுதான் துடைப்பத்தை எடுப்பார்கள். மூன்றாம் நாள் டீச்சர் ஊர் சேர்ந்ததும் முதலில் எனக்குத்தான் போன் செய்தார். "அவரைப் பெருக்கச் சொல்லுங்கள்" என்றார்.

பிறகு தங்கை வேலூருக்கு வந்து, புகைப்படம் எடுத்து, கைரேகை வைத்து, பாஸ்போர்ட்டுக்கு மனு கொடுத்தாள். வாழ்க்கையில் அவள் முதன்முறையாக வேலூர் பார்த்தது அன்றைக்குத்தான். பாஸ்போர்ட் என் முகவரிக்கு வந்தது. டீச்சரின் அழைப்புக் கடிதமும் வந்தது. நான்கு பக்கம். உங்கள் பெயரை என் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன், நீங்கள் தூங்க ஜன்னலுக்குத் துணி தைத்துவிட்டேன் என்றெல்லாம் எழுதியிருந்தார்.

இங்கேதான் சொல்ல வேண்டியது இருக்கிறது. முப்பத்திரண்டு வருடம் நான் பனிபொழியும் நாடுகளைப் பற்றிப் பாடம் நடத்தியவன். ஓக் மரம், உறைந்த ஏரி, கணப்பு அடுப்பு எல்லாவற்றையும் கரும்பலகை முன் நின்று விளக்கியவன். எதையும் பார்த்ததில்லை. சங்கத்தின் ஒருங்கிணைப்பாளனான எனக்குப் பயணச்சீட்டு கிடையாது. யாராவது ஒருவர் வர முடியாமல் போனால் அந்த இடம் எனக்கு வரும். அந்தக் கடிதத்தைப் படித்து முடித்தபோது எனக்குப் பொறாமை வந்தது. படித்த எனக்கு வராத கடிதம், எழுத்துக் கூட்டத் தெரியாத ஒருத்திக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். இதைவிட நாகரிகமான காரணம் ஏதும் என்னிடம் இல்லை.

மாசி மாதம். அவள் வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து கடிதத்தைப் பிரித்தேன்.

"இன்னாண்ணா எழுதிக்கிறாங்க?"

"நல்லா இருக்காங்களாம். உன் சாப்பாட்டை மறக்க முடியலையாம். வீட்டுல இடிச்சுக் கட்டுற வேலை நடக்குதாம். அதனால இந்த வருஷம் உன்னைக் கூப்பிட முடியல, கோவிச்சுக்காதேன்னு எழுதியிருக்காங்க."

அவள் புளியைக் கீழே வைத்துவிட்டு, என் கையிலிருந்த நான்கு தாள்களையும் பார்த்தாள்.

"எம்மாம் பெரிய காயிதம். அதுல இவ்ளோதானா?"

"அவங்க எழுத்து பெரிசு" என்றேன்.

மறுபடி புளியைக் கையில் எடுத்தாள். பிறகு, "வூட்டு வேலைன்னா செரமந்தான். பாவம், ஒண்டிக்கட்டை, ஆள வச்சி வேல வாங்கணுமே" என்று டீச்சருக்காக இரக்கப்பட்டாள். மலை இறங்கியதும் சங்கத்துக்குப் பேசி, அந்தப் பெண்ணுக்கு வர விருப்பமில்லை, வீட்டிலும் அனுப்ப மறுக்கிறார்கள் என்று சொன்னேன். இரண்டு பக்கத்திலும் ஆளுக்கு ஒரு பொய். இருவருக்கும் நடுவில் இருந்த ஒரே பாலம் நான் என்பதால் எவருக்கும் சந்தேகம் வரவில்லை.

மற்ற ஐந்து வீட்டுக்காரர்களை நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மட்டும் அவளிடம் சொன்னேன். கிளம்புவதற்கு முந்தின நாள் கூப்பிட்டுச் சோறு போட்டாள். சாமையும் ஒரு உருண்டைப் புளியும் துணிப்பையில் கட்டிக் கொடுத்து, "டீச்சரம்மாவப் பாத்தா குடுண்ணா. வூடு முடிஞ்சிச்சான்னு கேளு" என்றாள்.

டீச்சர் ரயில் நிலையத்துக்கு வந்திருந்தார். என்னைக் கண்டதும் கைகுவித்து, தங்கையின் குரலை அப்படியே வாங்கிக்கொண்டு, "வாங்க, குந்துங்க, இன்னா சாப்புட்றீங்க?" என்றார். அவளை வரவேற்க ஒரு வருடமாகச் சொல்லிப் பழகியது. வேறு யாரிடமும் சொல்ல முடியாததால் என்னிடம் சொன்னார். வீட்டுக் கதவில் அவள் பெயர் இருந்தது. கிழிக்க மனம் வரவில்லை என்றார். துணிப்பையைக் கொடுத்தபோது அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "வர விருப்பமில்லாத ஒருவர் இவ்வளவு கவனமாக முடிச்சுப் போட்டு அனுப்புவாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பதினெட்டு நாளும் விடியாமலும் முடியாமலும் ஒரே நாளாக நீண்டன. ஏரிக்கரையில் நடந்தேன், படகில் போனேன். எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. பனி ஒரு பொட்டுகூட விழவில்லை. கோடைக்காலம் அல்லவா?

திரும்பிய மறுநாளே மலைக்குப் போனேன், சொல்லிவிட வேண்டும் என்றுதான். உள்ளே நுழைந்தால் நான் சாப்பிட்ட அறை அப்படியே கிடந்தது. புளியம்பழத்தின் ஓடு, ஆட்டுப் புழுக்கை, காற்று கொண்டுவந்து போட்ட சருகு. மூலையில் எறும்பு வரிசை.

"வந்துட்டியா? போய் எறங்குனேன்னு ஒரு போன் அடிக்கக்கூடாதாண்ணா?" என்று எரிந்து விழுந்தாள். "வூட்டப் பாரு. ஆடு கட்ற எடம் தேவல. எங்கூட்டுக்காரரு தெனமும் கத்தறாரு. ஊரே வந்து இன்னா கோலம்னு கேக்குது."

"பெருக்கியிருக்கலாமே தங்கச்சி."

"ஏரோப்ளேன்ல போனவரு இன்னா ஆனாரோன்னு தெரியாம எப்டிப் பெருக்கறது?"

என் எதிரிலேயே பெருக்கத் தொடங்கினாள். தூசி பறந்தது. சொல்ல வந்ததைச் சொல்லாமல் காப்பி குடித்துவிட்டு இறங்கிவிட்டேன். அதன் பிறகு அவள் வீட்டுக்குப் போவது குறைந்தது. டீச்சரின் கடிதங்களுக்கும் இரண்டு வரியில் பதில் எழுதி, பின்பு அதையும் நிறுத்திவிட்டேன்.

இந்த மாசியில் போனேன். நான்கு பக்கக் கடிதமும் அவள் பாஸ்போர்ட்டும் பையில் இருந்தன. அவளுக்குத் தலை நரைத்திருக்கிறது. மகனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. செங்கத்துப் பெண், கல்லூரி படித்தவள், பக்கத்துப் பள்ளியில் ஆசிரியை. நான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பிறகு கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துக் காட்டினேன். அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. பாஸ்போர்ட்டைத் திறந்து தன் படத்தைப் பார்த்தாள்.

"அப்ப முடி எம்மாம் கருப்பு" என்றாள். பிறகு, "இது இன்னும் செல்லுமா?"

"இன்னும் ஒரு வருஷம் இருக்கு."

அதை மடியில் வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினாள். டீச்சரம்மா அடுப்பு விறகா, வேறயா? மண்ணு செகப்பா கருப்பா? கெணறு கீதா? ஜன்னலுக்கு அந்தாண்ட இன்னா மரம்? எனக்கு விறகு மட்டும் நினைவிருந்தது. மண்ணை நான் பார்க்கவில்லை. மரத்தின் பட்டை வெள்ளையா சாம்பலா என்று யோசித்து யோசித்து, தெரியவில்லை என்றேன்.

"பதினெட்டு நாளு இருந்துக்கிற. ஒண்ணுமே பாக்கலியே. நான் போயிருந்தா பாத்துருப்பேன்" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு தாளும் பேனாவும் கொண்டுவரச் சொன்னாள். "நான் சொல்றத இங்கிலீஷ்ல எழுது. டீச்சரம்மா, நான் வரமாட்டேன்னு சொல்லல. என்ன யாரும் தடுக்கல. எங்க அண்ணன் பொய் சொல்லிட்டாரு. உங்க காயிதம் இன்னிக்குத்தான் எனக்கு வந்துச்சி. இப்ப கூப்ட்டாலும் வர்றேன்." எழுதினேன். மலைக்காற்றில் தாள் படபடத்தது. முடித்ததும் அவள் அதை வாங்கி மருமகளிடம் நீட்டினாள். "படி. நான் சொன்னதுதான் கீதா பாரு."

அந்தப் பெண் வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள். நான் பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நிற்கும் மாணவன்போல் நின்றேன். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"அத்த, பொய்ன்னு எழுதல. ஏதோ தவறு நடந்துபோச்சின்னு எழுதிக்கிறாரு."

சத்தியமாக நான் யோசித்துச் செய்யவில்லை. கை தானாக அப்படி எழுதியிருந்தது. தங்கை என்னைப் பார்த்தாள். நான் தாளை வாங்கி, அந்த வரியை அடித்துவிட்டு, பொய் சொன்னார் என்று எழுதினேன். மருமகள் மறுபடி முதலிலிருந்து படித்து, "இப்ப செரி அத்த" என்றாள்.

தபாலில் சேர்ப்பதற்காக நான் கை நீட்டினேன். அந்தப் பெண் கடிதத்தை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இல்ல சார். நாளைக்கு நானே போஸ்ட் பண்ணிட்றேன்."