பச்சை ஒட்டிய புத்தகம்

ஆஃப்கே க்ரோனிங்கன் நகரத்தில் பஸ் ஓட்டுகிறாள். ஞாயிறு மதியம் திருநங்கைகளும் திருநம்பிகளும் கூடிப் படிக்கிற வட்டத்தில் திருநங்கையான அவளுக்கும் ஒரு வேலை உண்டு. புதுப் புத்தகத்தை முதலில் அவள்தான் படிப்பாள். கதைநாயகி கடைசியில் உயிரோடு இருந்தால் அட்டையின் முதுகில் பச்சை நாடா, செத்தால் கறுப்பு. எழுதுகிறவர்களுக்கு என்ன கேடோ தெரியவில்லை, ஒரு திருநங்கையைக் கதைக்குள் விட்டால் கொன்றுவிட்டுத்தான் பேனாவை மூடுவார்கள். கொல்ல மனசு வராதவர்கள் அவளை மழையில் நடுரோட்டில் நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கும் கறுப்புதான் ஒட்டுவாள். அலமாரி முழுக்கக் கறுப்பு.

அதனால்தான் அந்தத் தப்பு நடந்தது. இருநூறு பக்கம் வரைக்கும் நாயகிக்கு வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது, ஒரு காதலனும் கிடைத்தான். அதற்கு மேல் புரட்ட ஆஃப்கேவுக்குக் கை வரவில்லை. இவ்வளவு நல்லது நடந்தால் அடுத்து என்ன வரும் என்று அவளுக்கா தெரியாது? இந்த ஒன்றாவது பச்சையாக இருக்கட்டும் என்று கடைசி அத்தியாயத்தைத் திறக்காமலே ஒட்டிவிட்டாள். அதை எடுத்துப் போனவள் யோரின். இருபத்திரண்டு வயது. தான் திருநங்கை என்ற உண்மையை வீட்டில் சொல்லி, அப்பா அவள் பையைத் தூக்கி வாசலில் போட்டு, முழுசாக ஒரு மாதம்கூட ஆகவில்லை.

புதன்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் ரூலோஃப் போன் செய்தான். வட்டத்திலேயே வாய் நீளமானவன்.

"ஏய், உனக்கென்ன கண்ணு அவிஞ்சு போச்சா? நானும் அதே புத்தகத்த வாங்கிப் படிச்சேன். கடைசிப் பக்கத்துல அவளே தன் உயிர விட்டுடறா. அதுக்குப் போய் பச்சையா?"

ஆஃப்கே அவனை மேலே பேசவிடாமல் போனை வைத்தாள். யோரினுக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று டிப்போவில் சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தாள். ஐயோ, அந்தப் பிள்ளை தனியாக உட்கார்ந்து அதைப் படித்திருக்குமே!

யோரின் இப்போது தங்கியிருக்கும் அறை நாலாவது மாடியில். தட்டினாள், உள்ளே சத்தமே இல்லை. இரண்டு உள்ளங்கையாலும் அறைந்தாள். "யோரின்! நான்தாம்மா, ஆஃப்கே! கதவத் திற!"

கதவு திறந்தது. முகமெல்லாம் வீங்கி நின்றாள் யோரின். "பச்சைனு நம்பித்தானே படிச்சேன். எப்படிக்கா ஒட்டுனீங்க?"

"கடைசி அத்தியாயத்த நான் படிக்கவே இல்லடி. பயமா இருந்துச்சு."

"உங்களுக்குமா? அப்போ இந்த பயம் போகவே போகாதா?"

போய்விடும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு பொய் செய்த வேலைதான் கண்முன்னே நிற்கிறதே. "ஐம்பத்தெட்டு வயசாச்சு. இன்னும் போகல," என்றாள் ஆஃப்கே.

யோரின் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நான் படிச்ச எதுலயும் ஒருத்திகூட முப்பதத் தாண்டல. முப்பதுக்கு அப்புறம் என்னதான்க்கா ஆகும்?"

"முட்டி வலிக்கும்," என்றாள் ஆஃப்கே.

யோரினுக்கு அழுகையோடு சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு கதவை அகலத் திறந்தாள்.

"அப்புறம்?" என்று கேட்டாள்.