கழன்ற செருப்பு

என் இடது கால் செத்துக்கொண்டிருந்தது. தேயிலைத் தோட்டத்தில் ஒருவரும் நம்பவில்லை.

மழைக்காலத்தில் கொழுந்து மலையில் அட்டை ஏறும். மற்றவர்கள் உடனே பிடுங்கி எறிவார்கள். என் காலில் அது கொழுத்துத் தொங்கும், எனக்குத் தெரியாது. பக்கத்து நிரையில் நிற்பவள்தான் கத்துவாள்.

"அடியே, அட்டைக்குச் சோறு போட்டு வளக்கிறியா? எறக்கி விடுடி!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். பிறகு கைவிரல்களும் மரத்தன. கொழுந்தைக் கிள்ளினேனா இல்லையா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். நான் பறிக்கும் கொழுந்து குறைந்தது. கங்காணி சிரிக்கவில்லை.

"ஒனக்கு நோவு இல்ல, வேலைக்கள்ளம். நோவுன்னா அதுக்கு ஒரு பேரு இருக்கணும்ல?"

அந்தப் பேருக்காகத்தான் அலைந்தேன். பேர் இல்லாமல் லேசான வேலை தரமாட்டார்கள். வேலைக்குப் போகாவிட்டால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் எங்களுக்கு இல்லை.

தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல் மாத்திரை கொடுத்தார்கள். லுணுகலையில் ஒரு டாக்டர் விட்டமின் ஊசி போட்டார். நாத்தனார் செய்வினை என்று சொல்லி என் மணிக்கட்டில் கயிறு கட்டினாள். கட்டி முடித்ததே எனக்குத் தெரியவில்லை. அதைச் சொன்னேன். "பாத்தியா, அவ்வளவு பெரிய செய்வினை" என்றாள்.

பதுளையில் ஒரு கிளினிக்குக்கும் போனேன். திரும்பத் திரும்பப் போனேன். ஒவ்வொரு தடவையும் செருப்பைக் கதவுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவேன். தோட்டத்தில் ஆபீசுக்குள்ளே செருப்போடு நுழைந்தால் ஏச்சு விழும். அந்தப் பழக்கம் எங்களுக்குத் தோலோடு ஒட்டியது. அங்கிருந்த டாக்டர் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, "மனசுல கவலையா?" என்று கேட்டு, மாத்திரை எழுதி அனுப்புவார். எழுந்து நடக்கச் சொன்னதே இல்லை. கவலைதான். கால் செத்தால் கவலை வராமல் குதூகலமா வரும்?

ஒரு தடவை என் புருஷனும் கூட வந்தார். கதவடியில் ஒரே நெரிசல். "ஒங்க நம்பர்தான், வாங்க வாங்க" என்று நர்ஸ் என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள். செருப்பைக் கழற்ற நேரமில்லை. உள்ளே புது டாக்டர், யாழ்ப்பாணத்துப் பெண். என் காலைப் பார்த்தார்.

"மற்றச் செருப்பு எங்க அம்மா?"

"கால்லதாங்க இருக்கு."

"குனிஞ்சு பாருங்கோ."

வலது காலில் இருந்தது. இடது காலில் இல்லை. வெறுங்கால்.

"இப்பிடிக் கழண்டு விழுறது எப்பயிருந்து?"

"ரொம்ப நாளாங்க. பின்னாடி வாறவங்க எடுத்துக் குடுப்பாங்க."

"இத ஏன் முதல் இருந்த டொக்டரிட்ட சொல்லேல்லை?"

"யாரும் கேக்கலீங்க. செருப்ப வெளியதானே வச்சிட்டு வருவோம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நடக்கச் சொன்னார். கண்ணை மூடி நிற்கச் சொன்னார். மூடியதும் வெட்டிய மரம் மாதிரிச் சாய்ந்தேன், புருஷன் பிடித்துக்கொண்டார். டாக்டர் என்னைக் கண்டிக்கு ஸ்கேன் எடுக்க அனுப்பினார். அதற்கும் மாதக்கணக்கில் காத்திருந்தோம். அதற்குள் வலது காலும் மரக்கத் தொடங்கியது.

ஸ்கேன் படத்தோடு பதுளைக்கு, அதே டாக்டரிடம் திரும்பிப் போனோம். பேர் கிடைத்தது. கழுத்தெலும்புக்குள் தண்டுவடம் நசுங்கியிருக்கிறதாம். ஒபரேசன் செய்ய வேண்டுமாம்.

"செஞ்சா கால் வந்திருமாங்க?" என்று என் புருஷன் கேட்டார்.

"போனது திரும்பி வாறது கஷ்டம். மிச்சம் போகாமப் பாக்கலாம். இன்னும் கொஞ்சம் முதல் வந்திருக்கலாமே அம்மா."

"வந்தேங்க," என்றேன். "இதே நாக்காலியிலதான் உக்காந்தேன். சும்மா சும்மா வந்து உக்காந்தேன்."

இந்த டாக்டரை ஏசி என்ன? பார்த்தவர் அவர் ஒருவர்தான். பார்க்காதவர்கள் என் முன்னால் இல்லை.

வெளியே வந்ததும் என் புருஷன் குனிந்து, கிழிந்த சேலைத் துண்டால் இடது செருப்பைக் கணுக்காலோடு சேர்த்துக் கட்டினார்.

"இறுக்கமா இருக்கா?" என்று கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்?