அத்தானின் கண் உயரம்

"யாருடி அது நடக்குறது?" என்று அக்கா கேட்டபோது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தோட்டத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் தொட்டில் கம்பியில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, அதன்மேல் புது வீடுகளின் படத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் கூடையைக்கூட இறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இத்தனை பாடுபட்டு வரைந்திருக்கிறேன், வீடு எப்படி என்று ஒருத்தி கேட்கவில்லை. யார் நடக்கிறதாம்!

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் இலங்கை மலையகத்துப் பதுளையில் கட்டடப் படம் வரைகிற சின்ன ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்தேன். பசறைக்கு மேலே, நாங்கள் பிறந்த தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. கையை விட்டால் முழங்கை வரைக்கும் போகும். பெரிய மழைக்கு முன்னால் எல்லாரும் கீழே இறங்கிவிட வேண்டும் என்று அதிகாரிகள் வந்து சொல்லிப் போனார்கள். கீழ்ச் சமவெளியில் வீடு கட்டிக் கொடுக்க ஒரு நிறுவனம் முன்வந்தது. படம் வரைகிற வேலை எங்கள் ஆபீஸுக்கு வந்தது. சம்மதம் என்று கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் வீடு. அக்காவும் அவள் மகளும் இருந்தது லயத்தின் கடைசிக் காம்பரா, வெடிப்புக்கு நேர் கீழே. அக்கா மட்டும் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தாள். அவளை அங்கே இன்னொரு மழையைக் கழிக்க நான் விடுவதாக இல்லை. படத்தைப் பார்த்தாலாவது மனம் மாறுவாள் என்றுதான் கம்ப்யூட்டரையும் ஆபீஸ் புரொஜெக்டரையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கம்ப்யூட்டருக்குள் வீட்டைக் கட்டி முடித்ததும் அதில் ஒரு கேமராவை நிறுத்தலாம். கேமரா என்றால் நிஜக் கேமரா இல்லை. நிற்கிற இடம், பார்க்கிற திசை, கண் இருக்கிற உயரம், அவ்வளவுதான். அதற்கு ஒரு பெயர் வைத்துச் சேமித்துவிட்டால், எப்போது அழுத்தினாலும் அதே இடத்தில் வந்து நின்று அதே மாதிரி பார்க்கும். நான் நான்கு காட்சி சேமித்திருந்தேன்: ரோடு, முன்னறை, சமைக்கிற குசினி, உள்ளறை. மாதிரிக்கு எடுத்தது அக்காவுக்கு ஒதுக்கிய வீட்டையே. தங்கச்சியின் கைவேலையைப் பார்க்கட்டுமே என்ற பெருமை. வரிசையாக ஓடவிட்டால் ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்கு அதுவாக மிதந்து போகும். நடுவில் கதவு இருக்கிறதா, சுவர் இருக்கிறதா என்றெல்லாம் அதற்குக் கவலை இல்லை, நேராகப் போய்விடும். ஆபீஸில் நாங்கள் யாரும் அதைக் கவனித்ததே இல்லை.

"யாரும் நடக்கலக்கா. கம்ப்யூட்டர் காட்டுது" என்றேன்.

"வாசல் வழியா வரலையே. செவுத்துக்குள்ளால வந்துச்சு. உள்ளறையில போய் நின்னு பார்த்துச்சு."

காற்றில் வேட்டி மெதுவாக உப்பி அடங்கியது. வீடும் சேர்ந்து மூச்சு விடுவது போலிருந்தது. தொட்டிலில் கிடந்த ஒரு குழந்தை வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று வீறிட்டது. "இவ்வளவு வீடு இருக்கு, ஆளு ஒண்ணும் இல்லையே. நாங்கள்லாம் எங்க?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். படம் முடிந்து, உள்ளறையிலிருந்து சுவரைத் துளைத்துக்கொண்டு மறுபடி ரோட்டுக்கு மிதந்து போனது.

"பால் காய்ச்சுறதுக்கு முந்தியே என்னமோ ஒண்ணு என் வீட்டுக்குள்ள போயிட்டு வந்துருச்சு" என்றாள் அக்கா. "எனக்கு அந்த வீடு வேணாம்."

"உனக்கென்ன பைத்தியமா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டாள். அவள் பின்னாலேயே இன்னும் சிலர் கலைந்தார்கள்.

விடுவேனா, காம்பராவுக்கே போனேன். பனி இறங்கி லயத்தில் பாதியைக் காணவில்லை. சுவர் நகர்ந்துபோனதில் கதவு மூடாமல் நின்றது. உட்காருகிற வாங்கு ஒன்றை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். திட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா பால் விடாத சாயத்தண்ணியை என் கையில் கொடுத்துவிட்டு, "புது வீட்டுக்குப் புருசன் பொஞ்சாதியா போகணும். நான் யாரோடடி போவேன்?" என்றாள்.

அத்தான் முந்தின வருஷம் பதுளை ஆஸ்பத்திரியில் நெஞ்சுவலியில் போய்விட்டார். நல்ல உயரம். தாழ்ந்த லயத்து வாசலில் குனிந்து குனிந்தே காலம் தள்ளிய மனுஷன். "இந்த வாசல்ல அவரு குனியாம போனது ஒரே ஒரு நாளுதான்" என்றாள் அக்கா. படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு. திட்ட வந்ததெல்லாம் மறந்துவிட்டது.

அத்தான் சவரம் செய்கிற கண்ணாடி அதே ஆணியில் தொங்கியது. நாங்கள் இரண்டு பேருமே குள்ளம். முன்னால் போய் நின்றால் அதில் நாங்கள் தெரிய மாட்டோம். கூரைத் தகரம் மட்டும் தெரியும். கொஞ்சம் இறக்கி மாட்டினால் என்ன என்று கேட்டேன்.

"அது அவரு கண்ணு உசரம்" என்றாள். பிறகு அதையே பார்த்தபடி, "ஒன் கம்ப்யூட்டர்ல பார்த்துச்சே, அது யாரு உசரம்?" என்று கேட்டாள்.

"யாரு உசரமும் இல்ல. அதுவா வச்சுக்கிற உசரம்."

"அவரு உசரத்துல வைக்க முடியுமா?"

கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, தரையிலிருந்து கண்ணாடியின் நடுவரைக்கும் பிடித்தேன். அக்கா கீழ் நுனியைக் காலால் மிதித்துக்கொண்டாள்.

ஆபீஸில் பழைய காட்சிகளை எல்லாம் அழித்தேன். ரோடு, படி, வாசல், நிலைக்கு உள்ளே ஓரடி, முன்னறை, உள்ளறையின் வாசல், உள்ளறை என்று நெருக்கி நெருக்கிப் புதிதாகச் சேமித்தேன். இனி உள்ளே போகும்போது சுவருக்குள் புக வழி இல்லை. எல்லாவற்றுக்கும் அந்தக் கண்ணாடியின் உயரம். ஓடவிட்டேன். படியேறி, நிலைக்கு அடியில் குனியாமல் நுழைந்து, முன்னறையைக் கடந்தது. குசினியின் அரைச்சுவர் மேல்பக்கம் தெரிந்தது. நானே கட்டிய சுவர், ஆனால் அதன் மேல்பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. பார்க்கிறது நான் இல்லை என்று சட்டென்று தோன்றியது. பட்டப்பகலில் நாற்காலிக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். "என்ன, பேயைக் கண்டமாதிரி முழிக்கிறீங்க?" என்றான் பக்கத்து மேசைக்காரன். "உன் வேலையைப் பாரு" என்று எரிந்து விழுந்தேன்.

இந்த முறை வேட்டியும் இல்லை, கூட்டமும் இல்லை. காம்பராவில் அக்காவுக்கு மட்டும் காட்டினேன். படியேறி வாசலை நெருங்கியபோது, "தலை, தலை! பார்த்துங்க!" என்றாள். எத்தனையோ வருஷம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். தலை எங்கும் இடிக்கவில்லை. நேராக உள்ளே போனது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளறையில் நின்று, ஜன்னலைப் பார்த்து, பிறகு மறுபடி ரோட்டுக்கு மிதக்கத் தொடங்கியது.

"எங்க போகுது? வெளிய வர வேணாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்கயே இருக்கட்டும்."

திரும்பி வருவதை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினேன். உள்ளறைக்குப் போய் அங்கேயே நின்றது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கையெழுத்து எங்கடி போடணும்?" என்றாள். அப்போதுதான் எனக்கு உயிரே வந்தது.

மழைக்கு முன்னால் வீடுகள் எழும்பின. பால் காய்ச்சுகிற காலையில் மகள் பால் செம்போடும் அக்கா விளக்கோடும் வாசலில் நின்றார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தி தாழ்ந்த குரலில், "தாலி அறுத்தவ முதல்ல காலை வைக்கக் கூடாது. மகளை முன்னால விடு" என்றாள். நான் சண்டைக்குப் பாய்ந்தேன். அக்கா என்னைத் தடுத்தாள்.

"நான் எங்கம்மா முதல்ல போறேன்?" என்றாள், சாதாரணமாக. "அவரு எப்பவோ போயிட்டாரு."

வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். முன்னறை நடுவில் நின்று, விளக்கை ஒரு கையால் மறைத்தபடி, உள்ளறைப் பக்கம் பார்த்து, "நாங்க வந்துட்டோம்ங்க" என்றாள்.

எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். நானும் உள்ளறை வாசலைத்தான் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் என் தலை நிமிர்ந்திருந்தது, அத்தானோடு பேசும்போதெல்லாம் நிமிருமே, அந்த அளவுக்கு.