கழற்றாத உத்தரியம்

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் டோனாட்டா இயந்திரத்தின் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தட்டு சில்லென்று இருந்தால் பெண்கள் உடம்பை இறுக்கிக்கொள்வார்கள். எக்ஸ்ரே படம் சரியாக விழாது. தென் இத்தாலியின் லுக்கானியா மலை ஊர்களில் மார்பகப் பரிசோதனை வண்டியோடு இருபத்திரண்டு வருடமாகச் சுற்றுகிறவள் அவள்.

இந்த ஊர்ப் பட்டியலில் மிச்சம் நான்கு பெயர்கள்; முதல் பெயர் ரொக்கினா. மறுநாள் எட்டு மணிக்கு வண்டி கிளம்பினால், இனி இரண்டு வருடம் கழித்துத்தான் வரும். ரொக்கினாவின் தங்கை மார்பகப் புற்றுநோயில்தான் போனாள்.

போன முறை ரொக்கினா வந்துவிட்டு, படம் எடுக்காமலே போய்விட்டாள். தப்பு டோனாட்டாவுடையது. இயந்திரத்தைப் பார்த்தபடியே, "கழுத்துல இருக்கறதெல்லாம் கழட்டுங்க" என்றாள். திரும்பினால் ஆளைக் காணோம். அந்தக் கழுத்தில் கிடந்தது கார்மேல் மாதாவின் உத்தரியம், முன்னும் பின்னும் துணித்துண்டு தொங்கும் மந்திரித்த கயிறு; சாகும்போது தங்கை போட்டுவிட்டது. ஒரு வாரம் கழித்துத்தான் டோனாட்டா அதைக் கேள்விப்பட்டாள். அன்றிலிருந்து எந்தப் பெண்ணிடமும் முகம் பார்க்காமல் பேசியதில்லை.

வண்டிப் படியில் காலடிச் சத்தம்.

"பரிசோதனைக்கு வரச்சொல்லி அனுப்பின கடுதாசியத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்தேன்." ரொக்கினா வாசலிலேயே நின்றாள்.

டோனாட்டா துணியை வைத்துவிட்டு எதிரே வந்தாள். "வாங்கக்கா. கழட்டக் கூடாதது ஏதாவது இருக்கா?"

"ஏன், இந்தத் தடவ பிடுங்கப் போறியா?"

"இல்ல. முன்னாடி தொங்கறதத் தோள் மேலயே முதுகுக்குத் தள்ளி பிளாஸ்திரி போட்டுடறேன். கழுத்த விட்டு வராது. அன்னிக்குக் கேக்காம விட்டது என் தப்புக்கா."

"அதச் சொல்ல உனக்கு ரெண்டு வருஷமாச்சு."

"நீங்க வந்தாத்தானே சொல்ல?"

ரொக்கினா உள்ளே வந்தாள்.

"இப்போ கை வைக்கறேன். இப்போ தட்டு இறங்குது. அழுத்தும், கொஞ்சம் வலிக்கும். போதும்னு சொன்னா உடனே நிறுத்திடுவேன்."

"என்னடி இது, பாஸ்தா மாவா, இப்படி நசுக்கற?"

"மாவு இவ்வளவு பேசாதுக்கா. மூச்சப் பிடிங்க."

நான்கு படங்கள். நான்கும் முதல் தடவையிலேயே தெளிவாக விழுந்தன. ரொக்கினா உத்தரியத்தைத் தானே முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"முடிவு தபால்ல வரும். மறுபடி கூப்பிட்டா இன்னொரு படம் வேணும்னு அர்த்தம். உடனே நோய்னு நினைச்சுக்காதீங்க."

"நீ கூப்பிட்டா வரேன்."

அவள் போன பிறகு டோனாட்டா அந்த நான்கு படங்களையும் இன்னொரு முறை பார்த்தாள். தேவையே இல்லை. பார்த்தாள்.

மறுநாள் காலை ஓட்டுநர் மின்கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, ரொக்கினா தன் தெருப் பெண்கள் மூவரோடு மேட்டில் ஏறி வந்தாள். மூன்று பேர் கையிலும் கடுதாசி.

"இவளுங்களும் போன தடவ என்கூடவே வண்டிய விட்டு ஓடினவளுங்கதான். இவளுக்குக் காது மந்தம், டோனாட்டா. முகத்தப் பாத்துப் பேசு."

"வேற எப்படிப் பேசுவேன்?"

டோனாட்டா அடுத்த ஊருக்குப் போன் செய்து ஒரு மணி நேரம் தாமதம் என்றாள். சுருட்டிய கம்பியை வாங்கி மறுபடி சொருகினாள். துணியை வெந்நீரில் நனைத்தாள்.